விட்டுப்போன சங்கீதம்

இரவில் அடுப்பங்கரையை ஒழித்துவிட்டு, அத்தைக்கு ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். மொத்தம் 150; தவறாமல் வாசித்தால் ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். (முடித்ததில் ஒரு பெருமை வேறு!)

அத்தை படுக்கையில் விழுந்த வருஷம், ஒரு நாள் 88-ஆம் சங்கீதம் வந்தது. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் தேறிவிடும். இது இருளிலேயே முடிகிறது. புரட்டிவிட்டேன்.

"ஏம்மா, ஒண்ணை விட்டுட்டியே?"

"அது வேண்டாம் அத்தை, ரொம்பத் துக்கமா இருக்கு."

"அதான் எனக்கு வேணும். வலிக்குதுன்னா எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்றீங்க. அவர்கிட்டே அழக்கூடவா கூடாது?"

வாசித்தேன். கோராகின் புத்திரரின் பாட்டு என்று தலைப்பே சொல்கிறது; அவர்கள் ஆலயப் பாடகர்கள். அப்படியானால், இந்த அழுகையையும் ஆலயத்தில் பாடத்தானே வைத்திருக்கிறார்கள்! எத்தனை தடவை வாசித்தும் இது எனக்கு உறைக்கவில்லை, பாருங்கள்.

முடித்ததும் அத்தை "ஆமென்" என்றார்கள்.

அன்று படுக்கப் போகுமுன் வழக்கமான ஜெபம் வரவில்லை. "அத்தையைத் தூக்கித் தூக்கி அலுத்துப் போச்சு, ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். இத்தனை மாதமாக அவரிடமும் மறைத்து வைத்திருந்தது அது. காலையில் வெந்நீர் போட எழுந்தபோது, அத்தை முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது.