உழவர் தரவு: வரம்பு முதலில், பகிர்வு பிறகு

உழவர்களின் தரவு வேளாண் ஆராய்ச்சிக்கும் புதிய தொழில்நுட்பங்களுக்கும் பயன்படுவதை எங்கள் அமைப்பு வரவேற்கிறது. ஆனால் எதற்காக, யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற வரம்புகள் உறுதியாகும் வரை, தனி உழவரை அடையாளம் காட்டும் தரவைத் தனியார் நிறுவனங்களுக்குத் தரக் கூடாது. இதுவே எங்கள் நிலைப்பாடு.

பின்னணி

2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2026–27க்குள் 11 கோடி உழவர்களுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்குவது அதன் இலக்கு. நில ஆவணமும் சாகுபடி விவரமும் இந்த எண்ணோடு இணைகின்றன.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறினாலும், அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசமும் தரப்பட்டது. தரவு திரட்டுவது முந்திக்கொண்டது, பாதுகாப்பு பின்தங்கிவிட்டது. தவிர, மானியம் போன்ற ஒரு பயனுக்கு ஒருவர் ஏற்கெனவே ஒப்புதல் தந்திருந்தால், வேறு அரசுப் பயன்களுக்கும் அவரது தரவைக் கையாள அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆகவே ஒப்புதல் படிவம் ஒன்றே போதிய காப்பாகாது.

எங்கள் கோரிக்கைகள்

1. பி.எம். கிசான் தவணைக்காகத் தந்த விவரம், கடன் தகுதியைக் கணிக்கவோ உரம், விதை விற்கவோ போகக் கூடாது. ஒவ்வொரு நோக்கத்துக்கும் தனி ஒப்புதல் வேண்டும். மறுப்பவரின் மானியம் நிற்கக் கூடாது.

2. பட்டாவை மட்டும் அடிப்படையாகக் கொண்ட பதிவேட்டில் குத்தகைதாரர்களும், தம் பெயரில் நிலமில்லாத பெண் உழவர்களும் இடம்பெறுவதில்லை. அதைக் கொண்டு உருவாகும் காப்பீடும் கடன் திட்டமும் அவர்களை மீண்டும் விலக்கிவைக்கும். சாகுபடி செய்பவரே உழவர் என்ற அடிப்படையில் பதிவு நடக்க வேண்டும்.

3. தன் தரவை யார், எப்போது, எதற்காகப் பார்த்தார்கள் என்பதை உழவர் தமிழிலேயே அறிய வழி வேண்டும். பிழையைக் கிராம நிர்வாக அலுவலர் அளவிலேயே திருத்த முடிய வேண்டும். திருத்தம் முடியும் வரை எந்தப் பயனும் நிறுத்தப்படக் கூடாது.

4. கிராம, வட்டார அளவில் தொகுத்த பயிர்ப் பரப்பு, மண்வளம், விளைச்சல் விவரங்களை, தனிநபர் அடையாளம் நீக்கிப் பொதுவில் வெளியிட வேண்டும். அவை பல்கலைக்கழகங்களுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் சிறு தொழில்முனைவோருக்கும் ஒரே நிபந்தனையில் கிடைக்க வேண்டும். பெருநிறுவனங்களுக்கு மட்டும் தனி ஒப்பந்தம் கூடாது.

ஏன் வரம்பு முதலில்?

கட்டுப்பாடு வந்தால் புதுமை முடங்கும் என்கிறார்கள் சிலர். நடப்பது வேறு. விவரம் எங்கே போகிறது என்று தெரியாத உழவர் பதிவையே தவிர்ப்பார், அல்லது அரைகுறையாகச் சொல்வார். அத்தகைய தரவில் உருவாகும் விளைச்சல் கணிப்பு எந்த வயலுக்கும் பொருந்தாது.

எங்கள் உறுப்பினர்களின் விவரங்களைக் கையாள்வதில் மேலே கோரிய இதே வரம்புகளை நாங்களும் பின்பற்றுவோம். சட்டத்தின் கடமைகள் முழுமையாக அமலாகும் நாளுக்குக் காத்திராமல், தரவுப் பகிர்வு ஒப்பந்தங்கள் அனைத்தையும் மாநில அரசு பொதுவில் வெளியிட வேண்டும்.