அலாரத்தை அணைக்கும் முன் அதைப் படியுங்கள்

ஒரு கருவி திடீரென்று கத்தி, சிவப்பு விளக்கைக் காட்டினால் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை அந்தச் சத்தத்தை நிறுத்துவதுதான். கைப்பேசியில் எச்சரிக்கை வந்தால் படிக்காமலேயே 'ஓகே' என்பதை அழுத்துகிறோம். கணினி பிழைச் செய்தி காட்டினால் அதை மூடிவிட்டு மறுபடியும் திறக்கிறோம். ஆய்வகத்தில் மின்சுற்று வேலை செய்யாவிட்டால் பக்கத்து மேசை நண்பரின் அளவீட்டைப் பார்த்து எழுதிக்கொள்வதும் உண்டு.

மாணவர்களே, இந்தப் பழக்கம் அறிவியல் படிப்பவருக்கு ஆகாது என்பது என் கருத்து. ஏன் என்று விளக்க ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறேன். அது வானொலி அலைகளின் திறனைக் கூட்டும் பெருக்கி.

பெருக்கியின் வேலை

அமெச்சூர் வானொலி பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்கள் மலேசியாவில் 9எம், 9டபிள்யூ என்றும் சிங்கப்பூரில் 9வி என்றும் தொடங்கும் அழைப்புக் குறிகளுடன் உலகெங்கும் உள்ள மற்ற நிலையங்களோடு பேசுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் நடைபெறும் சாரணர்களின் வானொலிச் சந்திப்பில் கலந்துகொண்டவர்கள் இதை நேரில் பார்த்திருப்பீர்கள்.

இவர்களின் சிற்றலை வானொலி பொதுவாக 100 வாட் திறனை வெளியிடும். அது போதாதபோது, உரிமம் அனுமதிக்கும் அளவுக்குள், வானொலிக்கும் ஆண்டெனாவுக்கும் இடையில் ஒரு பெருக்கியை இணைப்பார்கள். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருக்கும் ஆம்பிளிஃபயர் ஒலிக்கான மின்சைகையைப் பெருக்குகிறது. இது வானொலி அதிர்வெண்ணில் அதே வேலையைச் செய்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெருக்கி 1000 வாட் வெளியிடுகிறது, அதன் செயல்திறன் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அது மின்வழங்கியிலிருந்து ஏறத்தாழ 1670 வாட் எடுக்க வேண்டும். மீதி 670 வாட் வெப்பமாகிறது. ஒரு ரைஸ் குக்கர் தரும் அளவு வெப்பம் அது. இன்றைய பெருக்கிகளில் அந்த வெப்பம் விரல் நீளம்கூட இல்லாத ஒன்றிரண்டு டிரான்சிஸ்டர்களில் பிறக்கிறது. ஒரு கணம் ஏதாவது தவறினாலும் அவை பழுதாகிவிடும். அதனால்தான் பெருக்கிக்குள் பல உணரிகள் இருக்கின்றன. எல்லை மீறியதும் அவை கருவியை நிறுத்தி அலாரத்தை எழுப்புகின்றன.

ஒவ்வோர் அலாரமும் ஒரு வாக்கியம்

வெப்ப அலாரம் வந்தால் விசிறியையும் காற்றுத் துளைகளில் படிந்த தூசியையும் பார்க்க வேண்டும். பெருக்கியை எப்படிப் பயன்படுத்தினோம் என்பதையும் யோசிக்க வேண்டும். பேச்சில் இடைவெளிகள் உண்டு. அப்போது டிரான்சிஸ்டர் சற்று ஆறும். எஃப்.டி.8 எனும் இலக்கமுறைத் தொடர்பில் 15 விநாடிச் சுற்று ஒன்றில் ஏறத்தாழ 12.6 விநாடிகள் இடைவிடாமல் முழுத் திறனும் வெளியேறும். பேச்சுக்குத் தாங்கிய கருவி இதற்குத் தாங்காமல் போகலாம். நம் ஊர் வெயிலில் குளிரூட்டி இல்லாத அறையென்றால் இன்னும் விரைவில் சூடேறும்.

உள்ளீடு மிகுந்துவிட்டது என்ற அலாரம் வேறு கதை. சில பெருக்கிகளுக்கு 40, 50 வாட் கொடுத்தாலே போதும். வானொலியை 100 வாட்டில் விட்டுவிட்டால் அலாரம் ஒலிக்கும். இங்கே பெருக்கியில் பழுது எதுவும் இல்லை. வானொலியின் திறனைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். குறைக்காவிட்டால் சைகையின் வடிவம் சிதைந்து, பக்கத்து அலைவரிசையில் பேசுபவருக்கும் இடையூறாகும்.

வடிகட்டி அலாரமும் உண்டு. 7 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு 21 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால், அந்தச் சைகை வடிகட்டியைத் தாண்டிச் செல்லாது. வெளியேற வழியில்லாமல் டிரான்சிஸ்டர் பக்கமே திரும்பும்.

திரும்பி வரும் திறன்

இவற்றில் இயற்பியல் மாணவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டியது, திறன் திரும்பி வருகிறது என்ற அலாரம். ஒரு கயிற்றின் நுனியைச் சுவரில் கட்டி மறுநுனியை உதறினால் அலை சுவர் வரை போய்த் திரும்பி வரும். வானொலி அலையும் அப்படித்தான். கேபிளும் ஆண்டெனாவும் ஒத்துப்போனால் (பெரும்பாலான கருவிகளில் 50 ஓம்) திறன் முழுவதும் ஆண்டெனாவுக்குப் போகும். ஒத்துப்போகாவிட்டால் ஒரு பகுதி திரும்பி வரும்.

இதை அளக்க 'நிலையலை விகிதம்' என்ற எண் பயன்படுகிறது. 100 வாட் அனுப்பி எதுவும் திரும்பாவிட்டால் விகிதம் 1. திரும்புவது 4 வாட் என்றால் விகிதம் 1.5. ஏறத்தாழ 11 வாட் திரும்பினால் 2. 25 வாட் திரும்பினால் 3. விகிதம் இப்படி ஏறும்போது பெருக்கி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

நின்ற பெருக்கியை என்ன செய்வது? 'ரீசெட்' பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறையும் டிரான்சிஸ்டர் ஓர் அடி வாங்குகிறது. காரணமோ வெளியே இருக்கிறது. நம் நாட்டு மழையில் கேபிள் முனையின் இணைப்புக்குள் நீர் இறங்கியிருக்கலாம். காற்றில் ஆண்டெனாக் கம்பி அறுந்திருக்கலாம். வேறு ஆண்டெனாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்திருக்கலாம்.

சரியான வழி எளிது. பெருக்கியை 'ஸ்டேண்ட்பை' நிலைக்கு மாற்றினால் வானொலியின் சைகை பெருக்கியைச் சுற்றி நேராக ஆண்டெனாவுக்குப் போகும். பிறகு, ஐந்தோ பத்தோ வாட் மட்டும் அனுப்பி விகிதத்தை அளந்து பார்க்கலாம். அப்போதும் விகிதம் அதிகமாக இருந்தால் கோளாறு ஆண்டெனா பக்கம் இருக்கிறது. சரியாக இருந்தால் பெருக்கியின் பக்கம் தேட வேண்டும். ஒரே சோதனையில் தேட வேண்டிய இடம் பாதியாகிவிட்டது.

அலாரம் அமைதியாக இருந்தால்?

இன்னொரு கணக்கும் போடுவோம். கேபிள் நீளமானது, தரம் குறைந்தது. போகும் வழியிலேயே பாதித் திறன் வெப்பமாகி வீணாகிறது. மறுமுனையில் ஆண்டெனா அடியோடு கழன்று கிடக்கிறது. நீங்கள் 100 வாட் அனுப்புகிறீர்கள். 50 வாட் மறுமுனையை அடைகிறது. போக இடமில்லாததால் 50 வாட்டும் திரும்புகிறது. திரும்பும் வழியில் மீண்டும் பாதி வீணாகி, 25 வாட் மட்டும் உங்களிடம் வந்து சேர்கிறது. கருவி காட்டும் விகிதம் 3. மறுமுனையில் உண்மையான விகிதமோ முடிவிலி! கேபிள் இதைவிட மோசமாக இருந்தால் விகிதம் இன்னும் நல்லதாகத் தெரியும். அலாரம் வாயே திறக்காது.

ஆகவே உணரி தான் இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அலாரத்தைப் படிப்பது என்றால், அது எதை அளக்கிறது, எங்கே அளக்கிறது என்று தெரிந்துகொண்டு படிப்பது.

இது வானொலிக்கு மட்டும் பொருந்தும் செய்தி அல்ல. 1979 மார்ச் 28ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். திறந்த வால்வு ஒன்று மூடிக்கொள்ளாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ அது மூடிவிட்டதாக எண்ண வைத்தது. காரணம், மூடுவதற்கான மின்சைகை போய்விட்டது என்பதை மட்டுமே அந்த விளக்கு காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதை அது அளக்கவில்லை. அதே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒலித்தன. எது முக்கியம் என்று பிரித்தறிய முடியவில்லை. 2 மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் மையப் பகுதி ஓரளவு உருகியது.

"கருவியே பார்த்துக்கொள்ளுமே?"

பாதுகாப்புச் சுற்று நம்மைவிட வேகமாகச் செயல்படும்போது நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். வேகம் உண்மைதான். ஆனால் அந்தச் சுற்று பெருக்கியை மட்டுமே காக்கிறது. கூரைமேல் இருக்கும் நீர் புகுந்த இணைப்பை அது சரிசெய்யாது. ஆண்டெனாவைத் தொடப் போகும் ஒருவரின் கையையும் அது காக்காது. 50 ஓம் சுமையில் 1000 வாட் என்றால் ஏறத்தாழ 224 வோல்ட். வானொலி அதிர்வெண்ணில் அது தோலைச் சுட்டுவிடும். அதனால் பெருக்கியின் மூடியைத் திறப்பதும் ஆண்டெனாவைத் தொடுவதும் உரிமமும் பயிற்சியும் உள்ளவரின் வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

சில அலாரங்கள் பொய்யானவை என்பதும் உண்மை. வானொலி அலையே உணரியின் கம்பிக்குள் புகுந்து அலாரத்தைக் கிளப்பிவிடுவது உண்டு. அதற்காக எல்லா அலாரத்தையும் ஒதுக்கிவிட முடியுமா? அது எந்த அலைவரிசையில் மட்டும் வருகிறது, எத்தனை வாட்டுக்கு மேல் வருகிறது என்று குறித்து வைத்தால் பொய் அலாரத்துக்கும் காரணம் கிடைத்துவிடும்.

நம் ஆய்வகங்களுக்கு ஒரு யோசனை

பள்ளி ஆய்வகச் சோதனைகள் பெரும்பாலும் வெற்றி பெறும்படியே அமைக்கப்படுகின்றன. விடை முன்பே தெரியும். அளவீடு அதற்கு ஒத்து வந்தால் மதிப்பெண். தவணைக்கு ஒரு முறையாவது ஆசிரியர் வேண்டுமென்றே கோளாறு வைத்த ஒரு மின்சுற்றை மாணவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பேட்டரி, பல்பு, ஃபியூஸ், கொஞ்சம் கம்பி போதும். பல்பு எரிந்ததற்கு மதிப்பெண் வேண்டாம். கோளாறு எங்கே, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எழுதியதற்கு மதிப்பெண் கொடுக்கலாம்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை ஏதாவது ஒரு கருவி சிவப்பு விளக்கைக் காட்டும்போது, பொத்தானை அழுத்தும் முன் மூன்று கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். இது எதை அளந்து சொல்கிறது? கடைசியாக நான் எதை மாற்றினேன்? எந்த ஒரு சோதனையால் தேடும் இடத்தைப் பாதியாக்கலாம்? விடைகளை எழுதிய பிறகு தாராளமாக 'ரீசெட்' செய்யுங்கள்.