முட்டைக்கோழிகளுக்குத் தடுப்பூசி: தயக்கம் யாருக்காக?

2025 மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் ஒரு டசின் முட்டையின் சராசரிச் சில்லறை விலை 6.23 டொலராக உயர்ந்தது. செல்வச் செழிப்புமிக்க அந்நாட்டையே முட்டைக்குத் திண்டாட வைத்தது எச்5என்1 பறவைக் காய்ச்சலாகும். 2022 பெப்ரவரியில் வர்த்தகப் பண்ணைகளில் அந்நோய் பரவத் தொடங்கியதிலிருந்து 2025இன் தொடக்கம் வரையில் 16 கோடிக்கும் அதிகமான பறவைகள் அங்கு அழிந்தன, அல்லது அழிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பங்கு முட்டைக்கோழிகளே.

இவற்றுக்கு ஏன் தடுப்பூசி ஏற்றப்படவில்லை என்ற கேள்வி நியாயமானதே. முட்டைக்கோழிக்குத் தடுப்பூசி புதியதல்ல. குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே மரெக்ஸ் நோய்க்கு ஊசி ஏற்றப்படுகின்றது. அடுத்து நியூகாசில், கம்பரோ, சுவாசக்குழாய் அழற்சி, அம்மை என வைரஸ் நோய்கள் ஒவ்வொன்றுக்கும் தடுப்பு மருந்து வழங்கப்படுகின்றது. இவையின்றி வர்த்தக ரீதியான முட்டை உற்பத்தி சாத்தியமில்லை. பறவைக் காய்ச்சல் விடயத்தில் மாத்திரமே அரசுகள் தயங்குகின்றன.

இத்தயக்கத்தின் வேர் வர்த்தகத்தில் உள்ளது. தடுப்பூசி பெற்ற பறவை நோய்க்குறியின்றியே வைரஸைக் காவித் திரியலாம் என அஞ்சும் நாடுகள் இறக்குமதிக்குத் தடை விதிக்கின்றன. இறைச்சிக்கோழியின் ஆயுள் ஆறேழு வாரங்களே. முட்டைக்கோழியோ ஒரு வருடத்திற்கும் மேலாக ஆபத்தை எதிர்நோக்கி வாழ்கின்றது. ஆயினும் இறைச்சி ஏற்றுமதியாளரின் சந்தையைக் காப்பதற்காக முட்டை உற்பத்தியாளரும் நுகர்வோரும் விலை கொடுக்க நேர்ந்தது. 2025 பெப்ரவரியில் ஒரு தடுப்பூசிக்கு நிபந்தனையுடனான உரிமம் அங்கு வழங்கப்பட்டபோதும், அதனைப் பண்ணைகளில் பயன்படுத்த அனுமதி கிட்டவில்லை.

பிரான்ஸ் வேறு வழியை நாடியது. 2021-22 பருவத்தில் அங்கு 1,300க்கும் மேற்பட்ட பண்ணைகள் பாதிக்கப்பட்டன. 2023 ஒக்டோபரில் வாத்துகளுக்குத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டதன் பின்னர், 2023-24 பருவத்தில் அத்தொகை பத்தளவிற்குக் குறைந்தது. தடுப்பூசியுடன் தொடர் பரிசோதனையும் நடத்தப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. கண்காணிப்பற்ற தடுப்பூசி நோயை மறைக்கும் திரையாகிவிடும். நெதர்லாந்தும் 2025இல் முட்டைக்கோழிகளிடையே முன்னோட்ட முயற்சியில் இறங்கியது.

இதில் நமக்கும் பாடமுண்டு. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நமது நாடு தள்ளப்பட்டது. அதற்குக் காரணம் நோயல்ல. அந்நியச் செலாவணி நெருக்கடியும் அதனாலேற்பட்ட தாய்க்கோழி, தீவனத் தட்டுப்பாடுமே. எனினும், ஏழை வீட்டுப் பிள்ளையின் போசாக்கு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகின்றது என்பதை அது உணர்த்தியது.

பெரும் பண்ணைகள் அட்டவணைப்படி தடுப்பூசி ஏற்றுகின்றன. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பத்திருபது கோழிகளை நம்பி வாழும் பெண்களின் நிலை அவ்வாறானதல்ல. நியூகாசில் நோய் புகுந்தால் சில நாட்களில் கூடு வெறுமையாகிவிடும். கன்னொறுவ மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் தடுப்பு மருந்து தயாரிக்கின்ற போதிலும், ஒரு குப்பி மருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரியது. கரைத்தால் சில மணித்தியாலங்களில் முடித்துவிட வேண்டும். குளிரில் பேணாவிடின் அது வீணாகும். குளோரின் கலந்த நீரில் கரைத்தாலும் பயனற்றுப் போகும். தனியொருவரால் இது இயலாத காரியம்.

எனவே, கிராமம் தோறும் நாள் குறித்து, அயலவரின் கோழிகளுக்கெல்லாம் ஒரே தடவையில் தடுப்பூசி ஏற்றும் ஏற்பாட்டை மாகாணக் கால்நடைத் திணைக்களங்கள் முன்னெடுக்க வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம். மாதர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இதில் கைகொடுக்கலாம். ஏற்றுமதியாளரின் நெருக்குதல் பெரிதாக இல்லாத நமது நாட்டில், சிறு வளர்ப்பாளரைக் கைவிடுவதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.