குமிழி காட்டும் குற்றம்

யப்பானிலே பொதுமக்கள் உண்மைத் துவக்கு வைத்திருத்தலை 1958ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றது. அந்நாட்டிலே 1970களில் தோன்றியதுதான் 'எயார்சொவ்ற்' எனப்படும் விளையாட்டுத் துவக்கு. தோற்றத்தில் அது உண்மைத் துவக்கையே ஒக்கும்; எறிவதோ 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் உருண்டையை. இவ்வகைக் கைத்துவக்குகள் பலவற்றிலே உருண்டையை உந்துவது ரவைக்கூட்டில் அடைத்த வாயுவாகும்.

வாயு என்றோமாயினும், கூட்டினுள் அது பெரும்பாலும் திரவமாகவே இருக்கின்றது. பலர் நிரப்புவது புரொப்பேன். 20 பாகை செல்சியசில் அதன் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் எட்டு மடங்கிற்கும் அதிகம். இத்துணை அமுக்கத்தையும் தாங்கி நிற்பவை மெல்லிய றப்பர் வளையங்கள் சிலவே. அவை உலர்ந்தாலோ, வெடித்தாலோ, அவற்றின்மேல் ஒரு தூசு படிந்தாலோ, இரவில் நிரப்பிய கூடு விடிவதற்குள் வெறுமையாகிவிடும்.

அப்போது உடனே திருகாணியைக் கழற்றத் தொடங்குவது பேதைமை. ஒழுக்கு எங்கே என்பதை முதலில் அறிதல் வேண்டும். சைக்கிள் ரியூப்பின் துளையை நாம் கண்டுபிடிக்கும் முறையே இங்கும் போதும். சிறிதளவு வாயு நிரப்பிய கூட்டைச் சாதாரண நீரில் அமிழ்த்திக் குமிழிகளை நோக்குக. அடியிலுள்ள நிரப்பு வால்விற் குமிழி எழுந்தால் குற்றம் அதனுடையது. அடித்தட்டின் விளிம்பில் எழுந்தால், அங்குள்ள றப்பர்ப் பட்டை பழுதாயிற்று.

ஆனால், மேலேயுள்ள றப்பர் வாயிற் குமிழி எழுந்தால் ஏமாறுதல் கூடாது. துவக்கு இயங்காதபோது அவ்வழியே வாயு வரவே கூடாது. ஆதலால் குற்றம் அந்த றப்பரினுடையதன்று. உள்ளே சரிவர மூடாத வெளியேற்று வால்வினுடையது. மேல் றப்பரை எத்தனை முறை மாற்றினாலும் ஒழுக்கு நில்லாது.

இடம் தெரிந்தபின் வால்வின்மீது இரண்டொரு துளி சிலிக்கன் எண்ணெய் இடுக. பலமுறை அதுவே போதுமானது. பெற்றோலிய எண்ணெய் ஆகாது. அது சிலவகை றப்பரை ஊதிப்போகச் செய்யும். எண்ணெயால் தீராதாயின் வால்வைக் கழற்றி வளையத்தை மாற்றுதல் வேண்டும். அதற்கு முன்னர், திறந்த வெளியில், தீயருகே இன்றி, வாயு முழுவதையும் வெளியேற்றிவிடுதல் இன்றியமையாதது. புரொப்பேன் எரியக்கூடியது, காற்றினும் பாரமானதாகையால் தாழ்ந்த இடத்திலே தேங்கி நிற்கும். வெளிப்படும் திரவம் தோலிற் பட்டால் குளிரினாற் புண்ணாகும். அமுக்கம் எஞ்சியிருக்கையில் கழற்றிய வால்வு முகத்தை நோக்கியும் பாயலாம்.

வருமுன் காப்பது இதனினும் எளிது. அவ்வப்போது எண்ணெய் இடுக. வெயிலிலே வைக்கற்க; வெப்பம் ஏறினால் அமுக்கமும் ஏறும். இடைவிடாது சுடுதலையும் தவிர்க்க. திரவம் விரைந்து ஆவியாகும்போது கூடு குளிர்ந்து, றப்பர் விறைத்துவிடும். பயன்படுத்தாத காலத்திற் சிறிது வாயுவை உள்ளே விட்டுவைப்பது வளையங்களைத் தத்தம் இடத்தில் அழுத்தி வைக்கும்.

விறைத்த றப்பரை விளையாட்டுக் காரியம் என்று எண்ணவேண்டாம். 1986ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், அமெரிக்க விண்கலமாகிய 'சலஞ்சர்' ஏழு பேருடன் அழிந்தது. கடுங்குளிரில் விறைத்த றப்பர் வளையம் ஒன்று உந்துகணையின் மூட்டை அடைக்கத் தவறியமையே அதற்குக் காரணம். அவ்வளையத்தின் துண்டொன்றைப் பனிக்கட்டி நீரில் இட்டு, அது மீண்டு விரியாமையை விசாரணைக் குழுவின் முன் காட்டினார் பௌதிக அறிஞர் றிச்சட் பைன்மன்.

அவர் கையாண்டதும் ஒரு கிண்ணம் நீரே. மாணவர்களே, ஒரு பொருள் பழுதாயின், கருவியைக் கையில் எடுக்குமுன் கண்ணைப் பயன்படுத்துங்கள். குறை தோன்றும் இடமே குறை பிறந்த இடம் என்று துணிந்துவிடாதீர்கள்.