கியர்ப் பெட்டியைக் கைகழுவுமுன்

எரிவாயு அடுப்பைப் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அதனை ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். எங்கள் காலனிக்கு அருகில் குடியிருக்கும் பெரியவர் ஒருவருக்கு நேர்ந்த இடர்ப்பாடு அத்தகையது. பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் அது நேரக்கூடியது.

அவர் அஜ்னி மின் எஞ்சின் ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக்காரர். ஊர் திரும்பும் எண்ணத்தை ஆண்டுதோறும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்து நாகபுரியிலேயே தங்கிவிட்டவர். அவருடைய இடது முழங்கால் கிளட்சை மிதிக்க இடம் கொடுப்பதில்லை. ஆதலால், தானே கியர் மாற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது என்பதற்காகவே, பதினைந்து ஆண்டு ஓடிய சிறு கார் ஒன்றை வாங்கினார். அவர் துணைவியாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சிகிச்சை முடிந்து துவண்டு வரும் அம்மையாரை, நாகபுரியின் மே மாத வெயிலில் ஆட்டோவுக்காகத் தெருவோரம் நிறுத்தி வைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

அந்தக் கார்தான் மக்கர் செய்யத் தொடங்கியது. காலையில் ஒழுங்காகப் புறப்படும். அரை மணி ஓடிச் சூடேறியதும் வார்தா சாலையில் ஏதேனும் ஒரு சிக்னல் அருகே ஓர் உதறல். அதன்பின் வண்டி மூன்றாம் கியரை விட்டு அசையாது. நின்று கிளம்பும்போது பாரம் ஏற்றிய மாட்டு வண்டிபோல் முனகும். எஞ்சினை அணைத்துச் சற்றுப் பொறுத்துக் கிளப்பினால் மறுபடியும் நல்ல பிள்ளை.

பெரியவர் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். சிறு கருவி ஒன்றைச் செருகிப் பார்த்தார்கள். ‘பி 0700’ என்று ஒரு குறி வந்தது. “கியர்ப் பெட்டி போய்விட்டது, முழுவதும் மாற்ற வேண்டும்” என்று தீர்ப்புக் கூறி, காரை வாங்கிய விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். அன்று மாலை அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, “தம்பி, இதை எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதானா?” என்று கேட்டபோது அவர் குரல் நன்றாயில்லை.

நான் எழுத்தர், மெக்கானிக் அல்லன். ஆயினும் ‘பி 0700’ என்பதன் பொருளைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆபீசில் ஒரு கோப்பின் மேல் “இணைப்பைக் காண்க” என்று எழுதி அனுப்புவோமே, அதுதான் அது. கியர்ப் பெட்டியை ஆளும் சிறு கணினி ஏதோ ஒரு குறையைப் பதிவு செய்திருக்கிறது என்பதற்கு மேல் அக்குறி ஒன்றும் சொல்வதில்லை. குறை இன்னதென்பது அக்கணினியினுள்ளே வேறொரு குறியாக இருக்கும். மலிவான கருவிகளுள் பல எஞ்சின் கணினியோடு மட்டுமே பேசும். கியர்ப் பெட்டியின் கணினியை எட்டா. இணைப்பைப் படிக்காமலே உத்தரவு பிறப்பித்துவிட்டார்கள்!

இனி, உள்ளே நடப்பதைச் சிறிது பார்ப்போம். 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹைட்ராமாட்டிக் என்ற பெயரில் வந்த தானியங்கிக் கியர்ப் பெட்டி, மின்சாரத்தின் உதவியின்றி எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டே தன் கியர்களை மாற்றிக்கொண்டது. பிற்காலத்தில், முக்கியமாக 1980-களிலிருந்து, எந்த வழியில் எண்ணெயை விடுவது என்ற முடிவு கணினியின் கைக்கு வந்தது. கணினியின் கட்டளையை நிறைவேற்றும் கருவியே சொலினாய்டு. மெல்லிய தாமிரக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, நடுவே ஓர் இரும்புத் தண்டை வைத்திருப்பார்கள். மின்சாரம் பாய்ந்தால் சுருள் காந்தமாகித் தண்டை இழுக்கும். எண்ணெய் வழி திறக்கும் அல்லது மூடும். பெரியவருக்கு இதை நான் விளக்கி முடிப்பதற்குள், “நம் எஞ்சினில் காற்றைத் திறந்து மூடும் ஈ.பி. வால்வுதானே?” என்றார். அதேதான். அங்கே காற்று, இங்கே எண்ணெய்.

ஒரு சொலினாய்டின் மின் இணைப்பு அறுந்ததென்று கணினி கண்டால், அது எல்லாச் சொலினாய்டுகளுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்போது எண்ணெய் தானாகவே செல்லும் கியர் ஒன்று உண்டு. நான்கு வேகப் பெட்டிகள் பலவற்றில் அது மூன்றாம் கியர். ஆகவே மூன்றில் சிக்கிக்கொள்வது பெட்டியின் சாவன்று. மேலும் கெடாதிருக்க அது எடுத்துக்கொள்ளும் தற்காப்பு.

முதலில் எண்ணெயைப் பார்த்தோம். அது கருகிய நாற்றம் வீசிக் கறுப்புத் துகள்களோடு இருந்து, பி 0731 முதல் பி 0734 வரையுள்ள குறிகளும் வந்திருந்தால், உள்ளே கிளட்சுத் தகடுகள் தேய்ந்திருக்கக்கூடும். அந்நிலையில் சொலினாய்டை மாற்றுவது வீண் செலவு. பட்டறைக்காரர் சொன்னதே சரியென்றும் ஆகியிருக்கும். இவர் வண்டியின் எண்ணெய் பழுப்பேறியிருந்ததே தவிரக் கருகவில்லை. மின்கலமும் நல்ல நிலையில் இருந்தது. பெரியவருடைய பழைய தோழர், ஷெட்டில் எலெக்ட்ரீஷியனாக உள்ள மராட்டிய நண்பர், முழுமையான கருவி ஒன்றை இரவல் கொண்டுவந்தார். ‘பி 0755’ என்று வந்தது. இரண்டாம் சொலினாய்டின் குறை என்பது அதன் பொருள்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். குறி சுட்டுவது சொலினாய்டை மட்டுமன்று. கணினியிலிருந்து அதுவரை செல்லும் கம்பி, நடுவேயுள்ள இணைப்பான், சுருள் ஆகிய பாதை முழுவதையும் அது சுட்டும். ஆகவே கியர்ப் பெட்டியின் மேலுள்ள இணைப்பானைக் கழற்றினோம். ஊசிகளில் சிறிது பச்சைக் களிம்பு. துடைத்துப் பூட்டி ஓட்டினோம். நோய் தீரவில்லை. கம்பிகளை அசைத்தும் பார்த்தோம், பயனில்லை.

பிறகு ஓம் அளவு. காலைக் குளிர்ச்சியில் எடுத்தபோது நான்கு சுருள்களும் 12-க்கும் 13-க்கும் இடையே காட்டின. (12 வோல்ட்டுக்கு 12 ஓம் என்றால் ஓர் ஆம்பியர் பாயும்.) குற்றவாளி யாரென்று தெரியவில்லை. பட்டறைகளில் பெரும்பாலும் இந்நிலையிலேயே அளந்து, “சொலினாய்டு சரி, பெட்டிதான் கெட்டது” என்று எழுதிவிடுகிறார்கள் போலும். நாங்கள் வண்டியை நாற்பது நிமிடம் ஓட்டி, உதறல் வந்ததும் நிறுத்தி, சூடு ஆறுமுன் மீண்டும் அளந்தோம். மூன்று சுருள்கள் 15-ஐ ஒட்டிக் காட்டின. அது இயல்பே, தாமிரம் ஒவ்வொரு டிகிரிச் சூட்டுக்கும் ஏறக்குறைய நூற்றில் 0.4 பங்கு கூடுதலாகத் தடுக்கும். நான்காவது ஊசியில் மட்டும் அளவுமானி எண் ஒன்றும் காட்டவில்லை. பாதை அறுந்துவிட்டது!

அறுந்தது சுருளா, பெட்டிக்குள் இருக்கும் கம்பியா? மறுநாள் வண்டியைத் தாங்கிகளின் மேல் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் நுழைய வேண்டாம்), ஆறிய எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, அந்தச் சொலினாய்டை எடுத்தோம். ஆறியதால் அது மீண்டும் 12 ஓம் காட்டியது. பெரியவர் சிறிது யோசித்தார். உள்ளே போய் மருமகளின் கூந்தல் உலர்த்தும் மின்கருவியைக் கொண்டுவந்தார். அளவுமானியை மாட்டிவிட்டுச் சூடான காற்றைச் செலுத்தினோம். எண் 13 ஆயிற்று, 14 ஆயிற்று, சட்டென்று மறைந்தது. கருவியை நிறுத்திக் காத்திருந்தோம். எண் மெல்லத் திரும்பி வந்தது. சுருளினுள்ளே எங்கோ ஒரு விரிசல். சூட்டில் விலகுகிறது, குளிரில் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு மேல் சான்று எதற்கு?

ஓர் எச்சரிக்கை. தண்டு ‘டக்’கென்று அடிக்கிறதா என்று பார்க்கச் சொலினாய்டுக்கு மின்கலத்திலிருந்து நேரே மின்சாரம் கொடுக்கும் வழக்கம் உண்டு. திறந்து மூடும் வகைக்கு ஒரு நொடி கொடுக்கலாம். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வகைக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 ஓம் அளவே இருக்கும். நேரே கொடுத்தால் கருகிவிடக்கூடும். சிறு விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்தே கொடுக்க வேண்டும். சரியான ஓம் அளவை அந்தந்த வண்டிக்குரிய பணிமனை நூலில் பார்த்துக்கொள்க. தண்டு அழுக்கில் சிக்கிக்கொண்டால் சுருளின் அளவு சரியாக இருந்தும் கியர் மாறாது. அது வேறு நோய்.

அடித்தட்டைக் கழற்றும் வேலை ஒன்றே என்பதால் நான்கையும் மாற்றிவிடலாமென்று நான் சொன்னேன். பெரியவர் கேட்கவில்லை. “நல்லதை எதற்குத் தம்பி கழற்றுவது?” என்று ஒன்றை மட்டும், அதே எண்ணுள்ளதாகத் தேடி வாங்கினார். வடிகட்டியும், தயாரிப்பாளர் குறித்த வகை எண்ணெயும் புதிதாக இட்டோம். பட்டறை கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. மராட்டிய நண்பர் குறிகளை அழித்து, கணினி புதிய சொலினாய்டுக்குப் பழகுவதற்கான முறையையும் செய்து கொடுத்தார். கூலி என்று அவர் வாங்கிக்கொண்டது அம்மையார் கையால் இரண்டு டம்ளர் காப்பி.

மறுநாள் டயாலிசிஸ் நாள். நானும் விடுப்பெடுத்து உடன் சென்றேன். திரும்பும்போது பகல் இரண்டு மணி. வெயில் 44 டிகிரி. வார்தா சாலையில் ஐந்து சிக்னல்களில் நின்று கிளம்பினோம். ஒவ்வொரு சிக்னலிலும் பெரியவர் மூச்சை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பின்னிருக்கையில் அம்மையார் உறங்கிக்கொண்டிருந்தார்.

எரிவாயு அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாவது ஏன் என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.