கூர்ந்து நோக்கியது யார்?

பெயரைப் பாருங்கள், தோழர்களே! எத்தனை அழகான பெயர்! கூர்நோக்கு இல்லம். அதைச் சிறை என்று சொல்லலாகாது. உள்ளே இருப்பவனைக் கைதி என்று அழைக்கலாகாது. பதினெட்டு வயது நிரம்பாதவன் தவறு செய்தான் என்று பிடித்தால், காவல் நிலையக் கொட்டடியிலே பூட்டக்கூடாது, கையிலே விலங்கு மாட்டக்கூடாது, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டமும் அதையொட்டி எழுந்த 2016ஆம் ஆண்டு விதிகளும் தெளிவாகக் கூறுகின்றன. ஏட்டிலே குறையில்லை. பெயர்ப் பலகையிலேயும் குறையில்லை.

ஆனால் 2022 டிசம்பர் 29ஆம் நாள், ரயில்வேக்குச் சொந்தமான பேட்டரியைத் திருடினான் என்று தாம்பரத்துப் பிள்ளை ஒருவன் பிடிபட்டான். வயது பதினேழு. செங்கல்பட்டு இல்லத்துக்குக் கொண்டு சென்றார்கள். டிசம்பர் 31ஆம் நாள் அவன் பிணம். ஊரெல்லாம் புத்தாண்டுக்குக் காத்திருந்த இரவிலே ஒரு தாய் மார்பிலே அடித்துக்கொண்டு அழுதாள். உடல்நலம் கெட்டு விழுந்தான் என்பது முதலிலே சொல்லப்பட்ட கதை. பிணப் பரிசோதனை வேறு கதை சொல்லிற்று, உடலிலே காயங்கள்! 2023 சனவரியிலே இல்லத்துப் பணியாளர் ஆறு பேர் கைதாயினர். குற்றவாளி யார் என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. அதிலே நாம் நுழையவில்லை. நாம் கேட்பது வேறு கேள்வி.

அந்த இரண்டு நாட்களிலே அந்தப் பிள்ளையை ஒரு மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாரா? பார்த்தார் என்றால் என்ன எழுதினார்? பார்க்கவில்லை என்றால் ஏன் பார்க்கவில்லை? செங்கல்பட்டு என்ன, வைத்தியமே எட்டாத காடா? 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் ஐயா அது!

1920ஆம் ஆண்டிலேயே, இந்தியாவிலே வேறெந்த மாகாணத்துக்கும் முன்பாக, சிறுவர்க்கென்று தனிச்சட்டம் கண்டது நமது சென்னை மாகாணம். நூறாண்டு கடந்தும், அப்படிப்பட்ட நாட்டிலே, உள்ளே போன பிள்ளை உயிரோடு வருவானா என்று தாய் கேட்கும் நிலை இருந்தால், பெருமை பேச நமக்கு நாக்கு எழுமா?

இதை நாம் எழுதுவது புதுமடத்திலிருந்து. மன்னார் வளைகுடாவின் அலை வந்து அடிக்கும் கரை. இங்கே பையன்கள் நடக்கும்போதே நீந்தக் கற்றவர்கள். இந்தக் கரையோரத்திலே சங்கு எடுக்க மூழ்குவோர் உண்டு. மூழ்கி மூழ்கிக் காது கெட்டுப்போனவர்களும் உண்டு. காதிலே சீழ் வடியும். பாதிப் பேச்சு விழாது. அப்படி ஒரு பையன், ஏதோ ஒரு வழக்கிலே சிக்கி இல்லத்துக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காவலர், “எழுந்திரு” என்கிறார். அவன் எழவில்லை. மீண்டும் சொல்கிறார், திருதிருவென்று விழிக்கிறான். “திமிரைப் பார்!” என்று கை ஓங்கப்படுகிறது. திமிர் எங்கே இருந்தது தோழர்களே? செவிப்பறையிலே ஓட்டை இருந்தது! விளக்கை வைத்து ஒருவர் காதுக்குள் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

காது ஒன்றா? கஞ்சாவுக்கும், வலி மாத்திரைக்கும், பஞ்சர் ஒட்டும் பசையை முகர்வதற்கும் அடிமையான பையன், அது கிடைக்காத முதல் இரவிலே தூங்கமாட்டான்; சுவரிலே மோதுவான், வாந்தி எடுப்பான், வாய்க்கு வந்தபடி ஏசுவான். அறிந்தவர் கண்ணுக்கு அது நோய். அறியாதவர் கண்ணுக்கு அது அடங்காமை. இரவிலே படுக்கையை நனைப்பவன் அச்சத்தால் நனைக்கிறான். அவனுக்குக் கிடைப்பது கேலி. வலிப்பு உள்ளவனோ நாள்தோறும் தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டியவன். இரண்டு வேளை தவறினாலே வலிப்பு திரும்பலாம். மாத்திரை அட்டையை முந்தானையிலே முடிந்துகொண்டு தாய் வாசலிலே நிற்கிறாள். வாசற்காவலர், “நாளை வா” என்கிறார். அந்த நாளைக்குள் என்னவெல்லாம் நேரலாம்!

இன்னொன்று. 1956இலே வந்த மதிய உணவு, 1982இலே வந்த சத்துணவு, 2022இலே வந்த காலை உணவு, பல்லும் கண்ணும் பார்க்க வரும் மருத்துவக் குழு, எல்லாமே பள்ளிக்கூட வாசலுக்குள் கிடைப்பவை. இல்லத்துக்கு வரும் பிள்ளைகளிலே பள்ளியை விட்டு எப்போதோ விலகியவர்கள் ஏராளம். மீன் கூடை சுமந்தவன், தேநீர்க் கடையிலே கிளாஸ் கழுவியவன், மெக்கானிக் பட்டறையிலே எண்ணெயில் ஊறியவன். அந்த நன்மைகளெல்லாம் அவன் தலைக்கு மேலே பறந்துபோயின. ஆக, அவன் உடம்பை ஒரு மருத்துவர் முழுவதுமாகப் பார்ப்பது அந்த இல்லத்திலேதான் முதல் தடவையாக இருக்கக்கூடும். அந்த ஒரு வாய்ப்பையும் நழுவவிடலாமா?

விதிகள் என்ன சொல்கின்றன? மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனை. எடை, உயரம், நோய், சிகிச்சை எல்லாம் எழுதிய குறிப்பேடு ஒவ்வொரு பிள்ளைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல், கண், தோல். சட்டத்தின் 53ஆம் பிரிவு மனநல ஆலோசனையையும் போதை மீட்பையும் சேர்த்தே சொல்கிறது. 54ஆம் பிரிவு அதைவிட மேல்! மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் ஆய்வுக் குழு உள்ளே செல்ல வேண்டும். மூன்று பேருக்குக் குறையக்கூடாது. அவர்களிலே ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவ அதிகாரியாகவும் இருந்தே தீரவேண்டும். நீதிக் குழுமமும் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கக் கடமைப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை 1990இலே வகுத்த விதிகளோ, உள்ளே வந்தவுடனே மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், ஏற்கெனவே அடிபட்டிருந்தால் அதை எழுதிவைக்க வேண்டும் என்கின்றன. அந்த எழுத்திலேதான் சூட்சுமம் இருக்கிறது. வரும்போது இருந்த காயம் எது, வந்தபிறகு ஏற்பட்ட காயம் எது என்று அந்தத் தாள் பேசும். மருத்துவர் அங்கே வைத்தியர் மட்டுமா? சாட்சியும் அவரே!

ஆகவேதான் சொல்கிறோம்: அந்த மருத்துவர் இல்லத்துக் கண்காணிப்பாளருக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக்கூடாது. அரசு மருத்துவமனையிலிருந்து வரவேண்டும், அங்கேயே கணக்குச் சொல்லவேண்டும். குறிப்பேட்டின் படி ஒன்று மருத்துவமனையிலே இருக்கவேண்டும். நம் இராமநாதபுரத்திலேகூட 2022 சனவரியிலே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. ஆள் இல்லை என்ற பழைய பாட்டு இனி எடுபடாது.

“ஏனய்யா, திருடனுக்கு ராஜ வைத்தியமா? என் பிள்ளை பெரியாஸ்பத்திரி வரிசையிலே நிற்கிறானே!” என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக்கூடும். நியாயமான கோபம். ஆனால் எண்ணிப்பாருங்கள். உன் பிள்ளைக்கு நள்ளிரவிலே நெஞ்சு அடைத்தால் நீ தோளிலே தூக்கிக்கொண்டு ஓடுவாய். ஒரு மருத்துவமனை கைவிட்டால் மறு மருத்துவமனை. பூட்டிய கதவுக்குள்ளே இருப்பவன் எங்கே ஓடுவான்? சாவி யார் இடுப்பிலே தொங்குகிறதோ, அவரே அவனுக்குத் தகப்பன். மேலும், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011இலே கேட்டது ராஜ வைத்தியம் அல்ல. வெளியே உள்ள பிள்ளைக்கு என்ன தரமோ அதே தரம் உள்ளேயும் வேண்டும் என்பதுதான்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். மாளிகைக்காரர் மகன் காரை ஏற்றிக் கொன்றாலும் வக்கீல் ஓடிவருவார், ஜாமீன் பறந்துவரும். கரைவலை இழுப்பவர் மகனுக்கு யார் வருவார்? அவனைச் செங்கல்பட்டுவரை அனுப்பிவிட்டால், நானூறு கிலோமீட்டருக்கும் மேலே தாண்டி ஒரு நாள் கூலியை இழந்து போய்ப் பார்க்க அந்தத் தகப்பனால் எத்தனை முறை முடியும்?

செங்கல்பட்டுச் சாவுக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தார்கள். அவரும் 2023இலேயே அறிக்கை தந்துவிட்டார். ஆட்சிப் பீடத்திலே யார் அமர்ந்தாலும் அந்த அறிக்கை அலமாரிக்குரிய பொருளன்று. நம் சட்டமன்ற உறுப்பினர்கள் மாவட்டந்தோறும் கேட்கட்டும்: சென்ற மூன்று மாதத்திலே ஆய்வுக் குழு எந்தத் தேதியிலே உள்ளே போயிற்று? போன மருத்துவ அதிகாரி யார்? எத்தனை பிள்ளைகளின் காதைப் பார்த்தார், எத்தனை பிள்ளைகளின் முதுகைப் பார்த்தார்? குறிப்பேட்டை மேசைமேலே வைக்கச் சொல்லுங்கள்.