பழைய இரும்புக் கடையில் ஒரு பெட்போர்ட்

கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து கண்டிக்கு வருவோர், வீதியோரத்து நெடுஞ்சாலை நூதனசாலையிலே பழைய நீராவி உருளைகள் நிற்பதைக் கண்டிருப்பர். அவ்வூரிலேயே 2014ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற புகையிரத நூதனசாலையும் உண்டு. ஹந்தானையில் 1925இல் கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. வீதியைச் சமைத்த இயந்திரத்துக்கு இடமளித்தோம், புகையிரதத்துக்கும் இடமளித்தோம், கொழுந்தை அரைத்த உருளைக்கும் இடமளித்தோம். தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து மலையிறங்கிய லொறிக்கோ பெரும்பாலும் பழைய இரும்புக் கடையே கதியாயிற்று. இது தகாது என்பது நம் கருத்து.

மேனாடுகளிலே நீண்ட இழுவை லொறிகளைத் தேடியெடுத்துப் புதுப்பிப்போர் பலர் உளர். நம் மலைப்பாதைகளின் வளைவுகளுக்கு அத்தகைய நீளம் பொருந்தவில்லை. இங்கே உழைத்தவை சிறிய லொறிகளே. அவற்றுள்ளும் இங்கிலாந்தின் வொக்ஸ்ஹோல் கம்பனியார் 1931 முதல் செய்தளித்த பெட்போர்ட் லொறியின் பெயரை அறியாத தோட்டத்துப் பிள்ளை அக்காலத்தில் இருந்திருக்க மாட்டான். 1986இல் இங்கிலாந்திலே அவ்வுற்பத்தி கைவிடப்பட்டது. நம் பாஸ்மாரோ அதன்பின்னும் பல்லாண்டுகள் அவற்றை ஓடச் செய்தனர்.

சில ஆண்டுகளுக்கு முன், நாமும் நம்முடன் படித்த நண்பர் இருவரும் மாத்தளை வீதிப் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் அத்தகைய லொறியொன்றைக் கண்டோம். முகப்பு முழுதாக இருந்தது. சசியிலே துரு ஊடுருவவில்லை. பணம் திரட்டிக்கொண்டு மூன்று வாரத்தின் பின் சென்றோம். அது துண்டு துண்டாக வெட்டப்பட்டு, நிறைபார்த்து விற்கப்பட்டிருந்தது. முன்பணம் கொடாதது நம் பிழையே. கடைக்காரரை நோவதற்கில்லை, அவருக்கு அது இத்தனை கிலோ இரும்பு, அவ்வளவே.

இரண்டாவதாகக் கிடைத்தது 1958இல் அறிமுகமான ரீ.ஜே. வகை. செப்பும் பித்தளையும் கலந்த ரேடியேற்றரை, விலை கருதி, யாரோ முன்னமே கழற்றிவிட்டனர். எஞ்சின் இறுகிக் கிடந்தது. அவசரக்காரர் இத்தகைய லொறியை வேறொரு வாகனத்திற் கட்டியிழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்ப்பர். பிஸ்டன் வளையங்கள் முறிந்து போகும். நம் பாஸ், பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டர்களிலே எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து வார்த்தார். பத்து நாள் ஊறவிட்டார். பின்னர் கைப்பிடியை இட்டு, நூலளவு முன்னும் நூலளவு பின்னுமாக அசைத்தார். பதினொராம் நாள் மாலை அது சுழன்றது. பழைய பிரேக்குகளில் கல்நார் இருக்குமாதலால் அத்தூசியை ஊதலாகாது, ஈரத்துணியாலேயே துடைக்க வேண்டும் என்று மாணவர்களை எச்சரித்தவரும் அவரே. புத்தகத்தில் நாம் படித்த பௌதிகத்தை அவர் விரல் நுனியிலே வைத்திருந்தார்.

பழைய லொறிகளுக்கு யப்பானிய டீசல் எஞ்சின் பொருத்துவது இந்நாட்டு வழக்கம். அதைக் களைந்து ஆதி எஞ்சினையே தேடிப் பொருத்தினாலன்றிப் புதுப்பித்தலாகாது என வாதிடுவோர் உண்டு. நாம் உடன்படோம். பெற்றோல் விலைக்கும் மலையேற்றத்துக்கும் அஞ்சி ஓர் உரிமையாளர் செய்த அம்மாற்றமும் அந்த லொறியின் சரித்திரந்தானே! பளபளக்கும் வர்ணம் பூசிக் கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவதையே நாம் விரும்பவில்லை.

ஏனெனில் இவ்வாகனங்கள் தேயிலையை மட்டும் சுமக்கவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவர்களுடைய சம்மதத்தை எவர் கேட்டார்? கண்டியிலிருந்தும் பிற மலையூர்களிலிருந்தும் தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தை நம்மவர் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். கப்பற் சேவை 1984இல் நிற்கும்வரை அப்பயணம் ஓயவில்லை. லயத்திலிருந்து ஸ்டேஷன்வரை தகரப் பெட்டிகளையும் கிழவிகளையும் குழந்தைகளையும் ஏற்றிச் சென்றது பல இடங்களில் தோட்டத்து லொறிதான். நம் வகுப்பில் வாங்கு காலியானதும் அவ்வாறே. நேற்று அருகிலிருந்தவன் இன்று இல்லை. ஆசிரியர் இடாப்பிலே பெயரை வாசித்துவிட்டு, சற்று நின்று, அடுத்த பெயருக்குச் செல்வார்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய லொறிகளுக்குச் சிறிது மதிப்பு வந்தது. 2025இல் தடை தளர்ந்தபின் அந்த மதிப்பு நிலைக்குமென்று நாம் நம்பவில்லை. ஆகவே கேட்கிறோம்: விழாவுக்கென நுழைவாயில் வளைவும் கல்வெட்டும் அமைக்கச் சேரும் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு கல்லூரி வளவில் ஒரு கொட்டகை போடலாகாதா? மாணவர் கைகள் எண்ணெயாகட்டும்.

நம் லொறி இப்போது பலகைத் தளமின்றி, தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. இடப்பக்க முன்விளக்கு வளையமும் ஒரு ரேடியேற்றரும் தேவை. தெல்தோட்டை, கலகாப் பக்கத்துப் பழைய மாணவர்கள் தங்கள் தோட்டத்து ஸ்டோரின் பின்புறத்தை ஒருமுறை பார்ப்பார்களாக.